போவோரும் வருவோரும்: புலம்பெயர்வைக் கணக்கிடும் கேரள ஆய்வு

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வெளிநாட்டில் வசிப்போர் இடம்பெறுவதில்லை. இந்தக் குறையைப் போக்க, திருவனந்தபுரத்தில் உள்ள வளர்ச்சி ஆய்வு மையம் 1998-ஆம் ஆண்டு கேரள புலம்பெயர்வு ஆய்வைத் தொடங்கியது. பேராசிரியர்கள் கே.சி.சக்கரியா, இ.டி.மேத்யூ, எஸ்.இருதயராஜன் ஆகியோர் 10,000 குடும்பங்களிடம் முதல் ஆய்வை மேற்கொண்டனர்.

அப்போது வெளிநாடுகளில் இருந்த கேரளத்தவர் எண்ணிக்கை சுமார் 13.6 லட்சம். 2018-இல் இது 21 லட்சத்தைத் தாண்டியது. 2023-இல் 22 லட்சம். ஐந்து ஆண்டுகளில் பெரிய மாற்றமில்லை எனத் தோன்றினாலும், உள்ளே நிகழ்ந்த மாற்றம் பெரிது. தாயகம் திரும்பியோர் எண்ணிக்கை 2023-இல் சுமார் 18 லட்சமாக உயர்ந்தது. வெளிநாடு சென்ற மாணவர்கள் சுமார் 1.3 லட்சத்திலிருந்து 2.5 லட்சமாக, ஏறத்தாழ இரு மடங்காக அதிகரித்தனர்.

இதே காலத்தில் மேற்கு வங்கம், அஸ்ஸாம், பிகார், ஒடிஸா மாநிலத் தொழிலாளர்கள் வேலை தேடி கேரளம் வருகின்றனர்.

புலம்பெயர்வு ஒருவழிப் பாதையல்ல. திரும்பியோருக்கு மறுவாழ்வும், செல்லும் மாணவருக்கு வழிகாட்டலும், வரும் தொழிலாளருக்குப் பாதுகாப்பும் தேவை. மொத்த எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் இம்மூன்றும் புலப்படாது. தமிழகத்திலும் 2015-இல் இத்தகைய ஆய்வு நடத்தப்பட்டது.