ஷர்பத் சென்ற வழி

மேடைகளிலும் விருந்து மனைகளிலும் அடிக்கடி நம் செவியில் விழும் கூற்று ஒன்று உண்டு. "ஐஸ்கிரீமை உலகுக்கு வழங்கியவர்கள் அரபியரே. ஸிஸிலித் தீவை ஆண்ட முஸ்லிம்கள் எட்னா மலையின் பனியை இறக்குவித்து, அதில் பழரசத்தைக் கலந்து உண்டனர். அதுவே இன்று இத்தாலியர் ஜெலாட்டோ என்று பெருமை பேசும் பண்டம்" என்பதே அது. சொல்வோரும் மகிழ்கின்றனர், கேட்போரும் மகிழ்கின்றனர். ஆனால் மாணவன் ஒருவன் எழுந்து, இதற்குச் சான்று என்ன என்று வினவினால் நாம் என்ன விடை கூறுவோம்? ஒரு செய்தி காதில் விழுந்தவுடன் அதன் ஸனது எங்கே என்று கேட்டுப் பழகிய கல்வி மரபு நம்முடையது. சமையலறைச் செய்தி என்பதற்காக அவ்வழக்கத்தைக் கைவிட வேண்டியதில்லை.

முதலில் சொல்லிலிருந்து தொடங்குவோம். ஷீன், ரா, பா என்னும் மூன்றெழுத்து வேரிலிருந்து கிளைத்தது 'ஷராப்'. பருகுவதற்குரிய எதுவும் அரபியில் ஷராபே. அந்நஹ்ல் அத்தியாயம் தேனீயின் வயிற்றிலிருந்து வெளிப்படும் தேனை இந்தச் சொல்லாலேயே குறிக்கிறது. ஃபார்ஸியிலும் உர்துவிலும் இச்சொல் மதுவைச் சுட்டுவதாகச் சுருங்கிப்போனது சொல்லின் குற்றமன்று. அதே வேரில் பிறந்த உடன்பிறப்பாகிய 'ஷர்பத்' தூய்மை கெடாமல் நம் வீடுகளில் இன்றளவும் புழங்கி வருகிறது.

அப்பாஸியர் காலத்து மருத்துவர்கள் கனிகளையும் மலர்களையும் சர்க்கரைப் பாகிலிட்டுக் காய்ச்சி, நோயாளிக்கு ஏற்ற ஷராப்களை ஆக்கினர். கி.பி. 869இல் மறைந்த ஸாபூர் இப்னு ஸஹ்ல் என்னும் கிறித்தவ மருத்துவர் அரபியில் யாத்த மருந்து நூல் இத்துறையில் புகழ் பெற்றது. இத்தகைய மருத்துவ நூல்கள் லத்தீனுக்குப் பெயர்ந்தபோது ஷராப் 'ஸிரூபுஸ்' ஆயிற்று. பிறகு பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் 'சிரப்' ஆயிற்று. குழந்தைக்கு இருமல் கண்டால் மருந்துக் கடையில் நாம் கேட்டு வாங்குவதும் அந்தச் சிரப்தான். அதில் கலந்த இனிப்பின் பெயரோ நம் பக்கத்திலிருந்து சென்றது. வடமொழிச் சர்க்கரா ஃபார்ஸியில் ஷகர், அரபியில் ஸுக்கர், இத்தாலியில் ஸுக்கேரோ என உருமாறிற்று.

இனிப் பனிக்கு வருவோம். கோடையில் பனியிட்டுக் குளிர்வித்த பானம் பருகுவது இஸ்லாமிய நாடுகளில் செல்வர்க்குரிய இன்பமாக இருந்தது. ஹிஜ்ரி 160இல் கலீஃபா மஹ்தி ஹஜ்ஜுக்குச் சென்றபோது மக்காவிலேயே அவருக்குப் பனி கொண்டுவந்து அளிக்கப்பட்டதைத் தபரீ தம் வரலாற்றில் வியப்போடு பதிவு செய்கிறார். அந்தப் பாலையில், அந்த வெயிலில், பனி! மம்லூக் சுல்தான்கள் இதை ஓர் அரசுத் துறையாகவே ஆக்கிவிட்டனர். ஷாமின் மலைகளில் வெட்டிய பனி ஒட்டகங்களில் ஏற்றப்பட்டு, மர்கஸ் மர்கஸாக மாற்றப்பட்டுக் காஹிரா சேரும். கப்பலில் வருவது திம்யாத் துறையில் இறங்கி, நைல் நதி வழியே படகில் செல்லும். கி.பி. 1418இல் மறைந்த அல்கல்கஷந்தீ தம் 'ஸுப்ஹுல் அஃஷா'வில் இவ்வேற்பாட்டை விரித்துரைக்கிறார். அரண்மனையில் அப்பனியைப் பெற்றுக் காத்த பகுதியின் பெயரைக் கேளுங்கள்: ஷராப்கானா!

ஆனால் இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும. பனியிட்டுக் குளிர்விப்பது வேறு. உறைய வைப்பது வேறு. பழரசத்தில் பனியைப் போட்டால் ரசம் குளிரும், பனி கரையும், ஏனத்தில் இருப்பது நீர்த்த பானமாகும். பனிக்குள் ரசத்தை வைத்தாலும் அவ்வாறே. சர்க்கரை கலந்த ரசம் உறைவதற்குப் பனியினும் மிகுந்த குளிர்ச்சி தேவை. கலீஃபா மஹ்தி பருகியது பானம். கரண்டியால் எடுத்து உண்ணும் பண்டமன்று. மேடைக் கூற்று வழுக்கி விழும் இடம் இதுவே.

ஸிஸிலியின் கதை என்ன? கி.பி. 827இல் கைரவானின் காழீ அஸத் இப்னுல் ஃபுராத் தலைமையில் அக்லபியரின் படை மாஸராவில் இறங்கிற்று. (மாலிகீ மத்ஹபின் 'முதவ்வனா'வுக்கு முன்னோடியான 'அஸதிய்யா'வை இயற்றிய அதே பெரியார்தாம். எழுபதை ஒட்டிய வயதில் ஒரு சட்ட அறிஞர் கடல் கடந்து படை நடத்தியது தனிக் கட்டுரைக்குரிய செய்தி.) 831இல் பலெர்மோ வசமாயிற்று. நார்மானியர் 1072இல் பலெர்மோவையும், 1091இல் கடைசி ஊராகிய நோத்தோவையும் கைப்பற்றும்வரை முஸ்லிம் ஆட்சி ஏதேனும் ஒரு வடிவில் அங்கு நீடித்தது. அவர்கள் விட்டுச்சென்றது என்ன என்பதற்கு அத்தீவின் நாட்டுமொழியே சாட்சி. தோட்டத்துக்கு நீர் தேக்கும் தொட்டி அங்கே 'ஜெப்பியா'. அது அரபியின் ஜாபியா. நீரிறைக்கும் சக்கரம் 'ஸேனியா', அது ஸானியா. ஆரஞ்சுப் பூ 'ஸாகரா', அது ஸஹ்ர். எள் 'ஜுஜ்ஜுலேனா', அது ஜுல்ஜுலான். உலர்த்தினால் இனிக்கும் திராட்சை 'ஜிபிப்போ', அது ஸபீப். எலுமிச்சையும் கரும்பும் நீர்ப்பாசனக் கலையும் அத்தீவில் வேரூன்றியது அக்காலத்தில்தான். ஆரஞ்சின் பெயரோ இன்னும் நெடிய வழி நடந்தது. அரபியின் நாரஞ்சுக்கு முன்னே ஃபார்ஸியின் நாரங், அதற்கு முன்னே வடமொழியின் நாரங்கம், அதற்கும் முன்னே நம் நாரத்தை நிற்கும் திராவிடச் சொற்குடும்பம் என்பது சொல்லாராய்ச்சியாளர் பலர் கருத்து.

ஆகவே ஜெலாட்டோவுக்கு வேண்டிய கனியும் சர்க்கரையும் அரபியர் கொடை. பனியோ எட்னா மலையின் உச்சியில் இருந்தது. 1184–85இல் அத்தீவு வழியே சென்ற இப்னு ஜுபைர் அம்மலையையும் அதன் பனியையும் குறிப்பிடுகிறார். இம்மூன்றையும் கூட்டி, 'அப்படியானால் உறைந்த பழரசமும் அவர்களுடையதே' என்று முடிவு கட்டுவது ஆசையின் வேலை. பனியோடு உப்பைச் சேர்த்து ரசத்தை உறைய வைத்ததாக ஸிஸிலியின் முஸ்லிம் காலத்து நூல் எதையும் இக்கூற்றினர் காட்டுவதில்லை.

சொல்லும் அவர்களுக்கு எதிராகவே சாட்சி சொல்கிறது. அரபிப் பெண்பாற் பெயர்களின் ஈற்றில் நிற்கும் வட்டத் தா, நிறுத்தி ஓதும்போது 'த்' ஒலியை இழந்துவிடும். அரபியர் வாய்மொழியாகவே கேட்டுப் பழகிய ஸிஸிலியரிடம் அச்சொற்கள் ஜெப்பியா, ஸேனியா என ஆகார ஈற்றோடு தங்கின. ஃபார்ஸியரும் துருக்கியரும் அந்தத் தாவை வெளிப்பட ஒலித்தனர். அவர்கள் வழியே வந்ததனால்தான் நாமும் பரக்கத், ஷரீஅத், ஜமாஅத் என்கிறோம். ஷர்பத் என்பதும் அவ்வழியே வந்தது. இத்தாலியரின் சொல்லோ 'ஸோர்பெத்தோ'. அதில் அந்தத் 'த்' அழியாமல் நிற்கிறது! ஸிஸிலியின் அரபியரிடமிருந்து நேரே பெற்றிருந்தால் அது 'ஷர்பா' என்பது போன்ற ஓர் உருவில் தங்கியிருக்கும். கி.பி. 16ஆம் நூற்றாண்டில் இஸ்தன்பூலோடு வணிகம் செய்த இத்தாலியர் துருக்கியரின் 'ஷெர்பெத்'தைக் கேட்டறிந்து, உறிஞ்சுதல் என்னும் பொருள்தரும் தம் 'ஸோர்பிரே'யோடு அதை இசைத்துக்கொண்டனர். அப்போதும் அது துருக்கியர் பருகும் பானத்தின் பெயரே. உறைந்த பண்டத்துக்கு அப்பெயர் பின்னரே வாய்த்தது.

உறைவிக்கும் கலைக்குரிய திறவுகோல் உப்பு. இங்கேயும் நம்மவர் ஒருவரின் பெயர் வருகிறது. அதை மறைக்க வேண்டியதில்லை, மிகைப்படுத்தவும் வேண்டியதில்லை. கி.பி. 1270இல் மறைந்த திமிஷ்கின் மருத்துவ வரலாற்றாசிரியர் இப்னு அபீ உஸைபிஆ, தம் 'உயூனுல் அன்பா'வில் இப்னு பக்தவைஹி என்னும் முந்தைய மருத்துவரின் நூலிலிருந்து, நீரைச் செயற்கையாகப் பனிக்கட்டியாக்கும் முறை ஒன்றை எடுத்தெழுதியுள்ளார். அதில் ஆளப்படும் பொருளை வெடியுப்பு எனக் கொள்வோர் உண்டு. ஆனால் அக்குறிப்பு நீரைப் பற்றியது, பழரசத்தைப் பற்றியதன்று. அக்பரின் அரண்மனையிலும் வெடியுப்பால் குடிநீரைக் குளிர்வித்ததை அபுல் ஃபஸ்லின் 'ஆயீனே அக்பரி' சொல்கிறது, அதுவும் குளிர்வித்தல்தான்.

ஐரோப்பாவில் 1550இல் ரோமாபுரி மருத்துவர் பிளாஸ் வில்லாஃபிராங்கா வெடியுப்பால் மதுவையும் நீரையும் குளிர்விப்பது பற்றி ஒரு நூல் எழுதினார். 1589இல் நேப்பிள்ஸின் தெல்லா போர்த்தா, பனியும் வெடியுப்பும் சூழ்ந்த ஏனத்தில் கண்ணாடிக் குப்பியைச் சுழற்றி மதுவையே உறைய வைத்த சோதனையை எழுதி வைத்தார். அதே நேப்பிள்ஸில் 1692இலும் 1694இலும் வெளிவந்த அந்தோனியோ லத்தீனியின் சமையல் நூலில் ஸோர்பெத்தோ செய்முறைகள் அச்சேறின. எலுமிச்சை உண்டு, பால் சேர்ந்ததும் உண்டு. 1686இல் பாரிஸில் ஸிஸிலிக்காரர் புரோகோப்பியோ திறந்த காப்பிக் கடையின் வழியே அச்சுவை பிரெஞ்சு நகரத்தாரிடையே பரவிற்று. 1775இல் ஃபிலிப்போ பால்தீனி என்னும் மருத்துவர் ஸோர்பெத்தோவின் நலன்களைப் பற்றித் தனி நூலே எழுதினார். ஷராப் மறுபடியும் மருத்துவர் கைக்கே வந்துவிட்டது போலும்!

ஸிஸிலியின் கடைசி முஸ்லிம் ஊர் வீழ்ந்த 1091க்கும் லத்தீனியின் 1692க்கும் இடையே அறுநூறு ஆண்டுகள். அவ்விடைவெளியை இட்டு நிரப்பும் ராவி ஒருவரும் இல்லை. நம் மீது மட்டும் கடுமை காட்டுவதாக எவரும் எண்ண வேண்டாம். மார்க்கோ போலோ சீனத்திலிருந்து ஐஸ்கிரீம் கொணர்ந்தார் என்பதும், 1533இல் காதெரீன் தெ மெதிச்சி மணமகளாகப் பிரான்ஸ் சென்றபோது அதை உடன் கொண்டுசென்றார் என்பதும் ஐரோப்பியர் தமக்குத் தாமே சொல்லிக்கொண்ட கதைகள். அவற்றுக்கும் ஸனது இல்லை. கனி, சர்க்கரை, பாகு, பெயர் ஆகிய நான்கும் கீழ்த்திசையிலிருந்து சென்றவை என்பதற்கோ அழியாச் சான்று உண்டு. அந்த நான்கு போதாதென்று ஐந்தாவதையும் பிறர் கைப்பொருளிலிருந்து ஏன் எடுத்துக்கொள்ள வேண்டும்?

நேப்பிள்ஸார் கண்ட அம்முறையை எந்த வீட்டிலும் செய்து பார்க்கலாம். வகுப்பில் வாயால் விளக்குவதினும் இதனால் பிள்ளைகளுக்கு விரைவில் விளங்கும். ஜெலாட்டோ என்றால் 'உறைந்தது' என்பதே பொருள். பழத்தால் ஆவது பெரும்பாலும் பால் சேராதது. நன்கு கனிந்த மாம்பழத்தின் சதை 500 கிராம் எடுத்து நாரின்றி வடித்துக்கொள்க. 150 கிராம் சர்க்கரையை 150 மில்லி நீரில் கரையுமளவு காய்ச்சி, முற்றும் ஆறியபின் சதையோடு கலந்து, ஓர் எலுமிச்சையின் சாற்றைப் பிழிக. சர்க்கரையைக் கண்டபடி குறைத்தல் கூடாது. குறைந்தால் பண்டம் கல்லாக இறுகும். மிகுந்தால் உறையாமல் கூழாகவே நிற்கும். வாய்க்குச் சற்றுத் தித்திப்பு மிகுந்திருப்பதே சரியான அளவு, ஏனெனில் குளிர்ச்சியில் நா இனிப்பை மந்தமாகவே உணரும்.

இக்கலவையை மூடியுள்ள எவர்சில்வர் தூக்கில் பாதியளவு ஊற்றி, அதைவிடப் பெரிய வாளியின் நடுவே வைக்க. சுற்றிலும் உடைத்த பனிக்கட்டியும் கல்லுப்பும் அடுக்கடுக்காக நிரப்புக. எடையில் மூன்று பங்கு பனிக்கட்டிக்கு ஒரு பங்கு உப்பு. உப்புப் பட்ட பனிக்கட்டி உருகத் தொடங்கும். உருகுவதற்கு ஒரு கிராமுக்கு 80 கலோரி வெப்பம் வேண்டும். அதைத் தன்னைச் சூழ்ந்தவற்றிலிருந்தே அது இழுத்துக்கொள்வதால், அவ்வுப்புக் கலவை பூஜ்யத்துக்குக் கீழே 21 பாகை வரை இறங்க வல்லது. பனிக்கட்டி உருகுவதனால் பழரசம் உறைகிறது! இவ்விந்தையைப் பிள்ளைகள் தொட்டுப் பார்த்து அறியட்டும். ஆனால் அவ்வுப்புப் பனியில் கையை நெடுநேரம் வைத்திருக்க விடலாகாது, தோல் புண்படும்.

தூக்கின் பிடியைப் பற்றி இடமும் வலமுமாகச் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மூடியைத் துடைத்துத் திறந்து, ஓரத்தில் உறைந்ததை மரக் கரண்டியால் சுரண்டி நடுவே சேர்த்துக் கிளறுக. துடைக்காமல் திறந்தால் உப்புநீர் உள்ளே விழுந்து அத்தனையும் வீணாகும். கிளறக் கிளறப் பனிப்பரல்கள் பருக்காமல் நுண்ணியவாய் நிற்கும். ஜெலாட்டோவின் வழவழப்பு அதில்தான் இருக்கிறது. பிலடெல்ஃபியாவின் நான்ஸி ஜான்ஸன் என்னும் அம்மையார் 1843இல் உரிமை பெற்ற கைச்சுழற்றிப் பொறியும் இவ்வேலையையே செய்தது. இன்று குளிர்ப்பெட்டி உள்ள வீட்டார் அகன்ற தட்டில் கலவையை ஊற்றி உறைபெட்டியில் வைத்து, அரை மணிக்கு ஒருமுறை முள்கரண்டியால் கிளறியும் ஆக்கலாம். அதன் பரல் சற்றுப் பெரிதாயிருக்கும். ஸிஸிலியில் அதற்கு கிரானித்தா என்று பெயர். அங்கே எலுமிச்சையிலும் வாதுமையிலும் அதை ஆக்குவர்; ட்ராபனிப் பக்கம் மல்லிகைப் பூவை ஊறவைத்த நீரிலும் ஆக்குவர். அம்மல்லிகையை இத்தாலியர் ஜெல்ஸொமினோ என்பர். அது நம் கிதாபுகளில் வரும் யாஸமீனேயாம்.