சாற்றில் மறைந்த மீன்: ஜப்பானிலும் தாய்லாந்திலும் சைவ உணவு

ஜப்பானியக் கோயில்களின் சைவச் சமையலுக்கு ‘ஷோஜின் ரியோரி’ என்று பெயர். ‘ரியோரி’ என்றால் சமையல். ‘ஷோஜின்’ என்பது பௌத்த நூல்களில் வரும் ‘வீர்ய’ என்ற வடசொல்லுக்குச் சீனர்கள் தந்த மொழிபெயர்ப்பின் ஜப்பானிய உச்சரிப்பு. தமிழில் வீரியம் என்று வழங்கும் அதே சொல்தான். பௌத்தத்தில் அதற்குச் சோர்வறியாத முயற்சி என்று பொருள். தாய்லாந்தில் சைவ உணவை ‘மாங்சவிரட்’ என்பார்கள். மாமிசம், விரதி என்ற இரு சொற்கள் சேர்ந்தது அது. விரதி என்றால் விலகி நிற்றல். சொல்லளவில் இவ்வளவு நெருங்கி வரும் இந்த இரண்டு நாட்டு உணவகங்களிலும் சைவ உணவுக்காரர்கள் தடுமாறுகிறார்கள். அதற்குக் காரணம் இறைச்சி அல்ல. கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருக்கும் மீன்.

ஜப்பானில் 675ஆம் ஆண்டு பேரரசர் தென்மு ஓர் ஆணை பிறப்பித்தார். மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி ஆகியவற்றை ஆண்டின் நான்காம் மாதம் முதல் ஒன்பதாம் மாதம் வரை உண்ணக் கூடாது என்றது அது. மீனுக்குத் தடை இல்லை. பின்வந்த நூற்றாண்டுகளிலும் கால்நடை இறைச்சி பொதுவாக விலக்காகவே இருந்தது. மீனோ அன்றாட உணவாக நிலைத்தது. ஆக, ஜப்பானியச் சமையலின் சுவை கடலைச் சார்ந்தே வளர்ந்தது. மீனையும் விட்டவர்கள் பெரும்பாலும் துறவிகளே.

அந்தத் துறவிகளின் அடுக்களைக்கு இலக்கணம் வகுத்தவர் தோகென் என்ற துறவி. இவர் 1223இல் சீனா சென்றார். துறைமுகத்தில் கப்பலிலேயே தங்கியிருந்தபோது, 61 வயதான சீனத் துறவி ஒருவர் ஜப்பானியக் காளான் வாங்க வந்தார். அசோக மன்னரின் பெயரைத் தாங்கிய மலையில் இருந்த மடத்தின் தலைமைச் சமையல்காரர் அவர். மறுநாள் மடத்தில் அனைவருக்கும் நூடுல்ஸ் சமைக்க வேண்டும். அதன் சாற்றுக்குக் காளான் தேவைப்பட்டது. இந்த வயதில் தியானத்தையும் படிப்பையும் விட்டுவிட்டு அடுப்படி வேலை எதற்கு என்று தோகென் கேட்டார். முதியவர் சிரித்துவிட்டு, பயிற்சி என்றால் என்னவென்று உமக்கு இன்னும் புரியவில்லை என்றாராம். தோகென் ஊர் திரும்பி, 1237இல் மடத்துச் சமையல்காரருக்கான நெறிகளை ‘தென்ஸோ கியோகுன்’ என்ற நூலாக எழுதியபோது இந்தச் சந்திப்பையும் அதில் பதிவு செய்தார். சமையலே தவம் என்ற எண்ணம் ஜப்பானிய மடங்களில் வேரூன்ற அந்தக் காளான் மூட்டையும் ஒரு காரணம்.

மடத்துச் சமையலில் இறைச்சி, மீன் மட்டுமல்ல, பூண்டும் வெங்காயமும்கூடச் சேராது. கோயா மலை மடங்களின் பெயரால் வழங்கும் உறையவைத்து உலர்த்திய தோஃபு, எள்ளை விழுதாக அரைத்து கிழங்கு மாவோடு கிளறிக் கட்டியாக்கும் ‘கோமா தோஃபு’, சோயா பாலில் படியும் ஏடான ‘யூபா’ ஆகியவை அதன் சிறப்புகள். 1654இல் சீனத் துறவி இங்கென் நாகசாகிக்கு வந்தபின், நால்வர் கூடி உட்கார்ந்து பொதுத் தட்டுகளிலிருந்து உண்ணும் ‘ஃபுச்சா ரியோரி’ பரவியது. 1782இல் தோஃபுவுக்கு மட்டுமே 100 செய்முறைகள் சொல்லும் சமையல் நூல் ஒன்று அச்சாகி நன்றாக விற்றது.

ஊர் மக்களின் சமையலோ வேறு பாதையில் போனது. அதற்கு அடிப்படை ‘தாஷி’ என்ற சாறு. ‘கோன்பு’ என்னும் தடித்த கடற்பாசியைத் தண்ணீரில் ஊறவைத்து, மெல்லச் சூடாக்கி, கொதி வருவதற்குச் சற்று முன் வெளியே எடுத்துவிடுவார்கள். பிறகு ‘கட்சுவோபுஷி’யைத் தூவுவார்கள். வேகவைத்துப் புகையிட்டு, கட்டைபோல் இறுகும் வரை உலர்த்திய சூரை மீனின் சீவல் அது. தென்தமிழகக் கடற்கரையிலும் இலங்கையிலும் அறியப்பட்ட மாசிக்கு நெருங்கிய உறவு. சீவல் அடியில் தங்கியதும் வடிகட்டினால், வெளிர் பொன்னிறத்தில் தெளிந்த நீர் கிடைக்கும். பார்த்தால் மீன் இருந்த சுவடே தெரியாது. மிசோ சூப், நூடுல்ஸ், தெம்புராவுக்குத் தொட்டுக்கொள்ளும் சாறு எல்லாவற்றுக்கும் வழக்கமாக இதுதான் ஆதாரம்.

மடங்கள் கட்சுவோபுஷி இல்லாமலே தாஷி எடுத்தன: கோன்புவோடு உலர்ந்த ஷிடாகே காளானைக் குளிர்ந்த நீரில் வெகுநேரம் ஊறவைத்தால் போதும். சுவையில் குறை இல்லை. 1908இல் வேதியியலாளர் இகேதா கிகுனாயே ‘உமாமி’ சுவைக்குக் காரணமான குளுட்டமேட்டைப் பிரித்தெடுத்தது மீனிலிருந்து அல்ல, கோன்புவிலிருந்துதான். உமாமி என்றாலே மீன் வேண்டும் என்று நினைப்பது தவறு.

1872ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பேரரசர் மெய்ஜி மாட்டிறைச்சி உண்டது செய்தியாக வெளியிடப்பட்டது. அதே ஆண்டில், துறவிகள் இறைச்சி உண்ணலாம், மணம் செய்யலாம் என்று அரசு அறிவித்தது. ஷோஜின் ரியோரி மடங்களுக்குள்ளும் ஒருசில சிறப்பு உணவகங்களுக்குள்ளும் ஒதுங்கியது. உலகெங்கும் பரவிய ஜப்பானிய உணவகங்கள் கொண்டுபோனது ஊர்ச் சமையலையே.

தாய்லாந்தின் கதை வேறு. அங்கே வேரூன்றிய தேரவாத பௌத்தத்தில் துறவி தன் பாத்திரத்தில் இடப்பட்டதை உண்பார். தனக்காகவே கொன்றது என்று பார்த்தோ கேட்டோ ஐயுற்றோ அறியாத இறைச்சி அவருக்கு விலக்கல்ல. எனவே ஜப்பானைப் போன்ற மடத்துச் சைவச் சமையல் அங்கே உருவாகவில்லை. சைவம் சீனக் குடியேறிகளோடு வந்தது. புக்கெட் தீவில் கத்து என்ற வெள்ளீயச் சுரங்கப் பகுதிக்கு 1825இல் வந்த சீன நாடகக் குழு நோயில் விழுந்ததாகவும், ஒன்பது பேரரசத் தெய்வங்களுக்கு நோன்பிருந்து மீண்டதாகவும் உள்ளூர் வழக்கு. சீன நாட்காட்டியின் ஒன்பதாம் மாத முதல் ஒன்பது நாள் இன்றும் அந்தத் திருவிழா நடக்கிறது. கன்னத்தில் அலகு குத்தி வருவார்கள், தீ மிதிப்பார்கள். மாரியம்மன் திருவிழா பார்த்தவர்களுக்கு அது அந்நியமாகத் தெரியாது.

இந்த நோன்புணவுக்கு ‘ஜே’ என்று பெயர். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தில் ‘ஜே’ என்று எழுதியிருந்தால், அந்தக் கடையில் இறைச்சி, மீன் சாறு, முட்டை, பால், பூண்டு, வெங்காயம் எதுவும் இல்லை என்று பொருள். ‘மாங்சவிரட்’ அவ்வளவு கண்டிப்பானதல்ல. முட்டையும் பாலும் அதில் சேரும். 1975இல் தனித்துப் பிரிந்த ‘சந்தி அசோக்’ என்ற பௌத்த இயக்கம் சைவ உணவகங்கள் நடத்தி இந்தப் பழக்கத்தைப் பரப்பியது. அதைச் சார்ந்த சம்லோங் சீமுவாங் 1985இல் பாங்காக் ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

தாய்ச் சமையலில் மீன் ஒளிந்திருக்கும் இடம் ‘நாம் பிளா’. நெத்திலியை உப்போடு அடைத்து மாதக்கணக்கில் புளிக்கவைத்து வடிக்கும் நீர் அது. உப்புக்குப் பதிலாகவே ஊற்றுவார்கள். கறி விழுதுகளில் இறால் விழுதான ‘கபி’ முன்பே அரைபட்டிருக்கும். பப்பாளிக்காய்ச் சாலட்டில் உலர்ந்த இறால் சேரும்.

ஜப்பானிய, தாய் உணவுகளைச் சேர்த்துப் பரிமாறும் கடையில் “மீன் இருக்கிறதா?” என்று மட்டும் கேட்டால், பரிமாறுபவர் மீன் துண்டை நினைத்து “இல்லை” என்றுதான் சொல்வார். தாஷி எதில் எடுத்தது, நாம் பிளா ஊற்றியதா, விழுதில் கபி உண்டா என்ற மூன்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள்.