பனி வண்டிக்கும் பனி பத்தாது

பனியில ஓடறதுக்குன்னே செஞ்ச வண்டி ஸ்னோமொபைல். அதுக்கே பனி பத்தலைன்னு ஒரு பிரச்சினை வருமா? வரும். அந்த வண்டியின் பட்டைக்கு ரெண்டு பக்கமும் கம்பி மாதிரி ஏதோ ஒன்று தரையைக் கீறிக்கொண்டே வருவதைப் பார்த்திருக்கலாம். அதன் பெயர் ஐஸ் ஸ்க்ராட்சர். இது எதுக்கு வந்ததுன்னு தெரியணும்னா கொஞ்சம் பின்னாடி, 1934க்குப் போகணும்.

கனடாவில் கியூபெக் மாகாணத்து வால்கூர் என்ற சின்ன ஊர். அங்கே மெக்கானிக் ஷெட் வைத்திருந்தவர் ஜோசப் அர்மான் பொம்பார்டியே. பதினைந்து வயதிலேயே பழைய ஃபோர்டு எஞ்சினில் ப்ரொப்பெல்லரை மாட்டிப் பனியில் ஓட்டிப் பார்த்த ஆசாமி. அந்தக் குளிர்காலத்தில் அவருடைய இரண்டு வயது மகன் ஈவோனுக்குக் குடல்வால் அழற்சி. ஆஸ்பத்திரி சுமார் 50 கிலோமீட்டர் தள்ளி இருந்தது. வழியெல்லாம் பனி மூடிக்கிடந்தது. குழந்தை பிழைக்கவில்லை. ஷெட்டில் இருந்த சோதனை வண்டியோ ஓடற நிலையில் இல்லை.

அதுக்கப்புறம் மனுஷன் விடவில்லை. பல்சக்கரமும் பட்டையும் சேர்ந்த அமைப்புக்கு 1937இல் காப்புரிமை வாங்கினார். ஏழு பேர் உட்காரும் பி7 வந்தது, பிறகு பன்னிரண்டு பேருக்கான பி12. டாக்டர்களும் தபால்காரர்களும் பள்ளிப் பிள்ளைகளும் அதில் போனார்கள். 1948இல் கியூபெக் அரசாங்கம் கிராமச் சாலைகளிலும் பனியை அள்ள ஏற்பாடு செய்ததும் வியாபாரம் படுத்தது. யோசித்துப் பாருங்க, ஊருக்கு நல்லது, அவருக்கு நஷ்டம்! ஆனாலும் சின்ன வண்டிக் கனவை விடாமல், இன்னொரு மகன் ஜெர்மேன் உருவாக்கிய ரப்பர் பட்டையோடு 1959இல் ஸ்கி-டூவைக் கொண்டுவந்தார். 1964இல் காலமானார்.

அந்தக் காலத்து வண்டிகளில் பட்டைக்குள்ளே வரிசையாகச் சின்னச் சக்கரங்கள் இருக்கும். பிறகு அவற்றின் இடத்துக்கு இரண்டு நீளமான தண்டவாளங்கள் வந்தன. அடியில் வழுக்குகிற பிளாஸ்டிக் பட்டி. அதன்மேல் உரசியபடி பட்டை ஓடும். சவாரி சுகமாச்சு, வேகமும் கூடிச்சு. 1970களில் நீரால் குளிரும் எஞ்சின்களும் வந்தன. அதற்குக் காரில் இருக்கிற மாதிரி ரேடியேட்டர் வேண்டாம், பட்டைக்கு மேலே வெப்பமாற்றிக் குழாய் போதும். பட்டை வாரியடிக்கும் பனி அதன்மேல் பட்டு உருகும், சூடு போய்விடும். உரசலுக்கு எண்ணெயும் பனிதான், எஞ்சினுக்குக் குளிர்ச்சியும் பனிதான். செலவில்லாத ஏற்பாடு!

வினை இங்கேதான் ஆரம்பம். உறைந்த ஏரியிலோ, இறுகி ஐஸாகிப்போன பாதையிலோ போனால் பட்டைக்கு வாரியடிக்கப் பொடிப்பனி கிடையாது. கொஞ்ச தூரத்தில் சூட்டு விளக்கு எரியும். பிளாஸ்டிக் பட்டி 130 டிகிரியைத் தாண்டினால் இளகிவிடும். ஓட்டுகிறவர் அடிக்கடி ஓரத்துப் பனியில் வண்டியை இறக்கித்தான் ஆற வைக்கணும்.

இதற்கான வைத்தியம்தான் ஸ்க்ராட்சர். தண்டவாளத்துக்கு ஒன்றாக இரண்டு. ஸ்பிரிங் கம்பி அல்லது முறுக்குக் கேபிள், நுனியில் கார்பைடு. பட்டையின் விளிம்பைத் தாண்டி வெளியே வந்து, பின்னோக்கிச் சாய்ந்து ஐஸைக் கீறும். தூளான ஐஸைப் பட்டை இழுத்து உள்ளே வீசும். மாட்டும்போது மூன்று விஷயம் பார்க்கணும். முதலாவது, தண்டவாளத்தின் முன்பாதியில் மாட்டினால்தான் கீறின தூள் அதன் பின்னாடி நீளம் முழுக்கப் போய்ச்சேரும். இரண்டாவது, சஸ்பென்ஷன் முழுசா அமுங்கினாலும் கம்பியோ போல்ட்டோ பட்டையில் இடிக்கக்கூடாது. மூன்றாவது, ரிவர்ஸ் எடுக்கும்போது விறைப்பான கம்பி வளைஞ்சிடும், அதனால் தூக்கிக் கொக்கியில் மாட்டிக்கணும். கேபிள் வகை கொஞ்சம் பொறுத்துக்கும்.

எனக்கு இதில் தோணுவது ஒண்ணுதான். பனி ஒரு குழந்தையை ஆஸ்பத்திரிக்குப் போகவிடாமல் தடுத்ததால் உருவான வண்டி இது. ஜெயிச்சு ஜெயிச்சு, கடைசியில் அந்தப் பனி இல்லாமல் பத்து நிமிஷம் ஓட முடியாத இடத்தில் வந்து நிற்கிறது. எதிரியா இருந்ததைத் துணையாக்கிக்கொண்டால், அது இல்லாத நாளுக்கும் ஒரு வழி வைத்திருக்கணும். அந்த வழிதான் இந்த ரெண்டு கம்பி.