நொடிப்பு மனுவுக்குள் எழும் வழக்குகள்

நொடிப்பு மனுவுக்குள் எழும் வழக்குகள், பேச்சுவழக்கில் மஞ்சள் கடுதாசி எனப்படும் தனிநபர் நொடிப்பு நடவடிக்கையின் கிளைகள். சென்னை நகருக்கு 1909ஆம் ஆண்டுச் சட்டமும், செங்கல்பட்டு, மாமல்லபுரம் போன்ற வெளியூர்களுக்கு 1920ஆம் ஆண்டு மாகாண நொடிப்புச் சட்டமும் பொருந்தும். 500 ரூபாய்க் கடனுக்கே மனுப் போடலாம் என்னும் அதன் வரம்பு இன்றைய மனை விலைக்கு முன் வேடிக்கைதான்.

ஒருவர் நொடித்தவர் என அறிவிக்கப்பட்டதும் அவர் சொத்து நீதிமன்றத்திடமோ ரிசீவரிடமோ சேரும். கடன் கொடுத்தவர்கள் அனுமதியின்றித் தனி வழக்குத் தொடர முடியாது. அடமானம் பெற்றவருக்கு இத்தடை இல்லை.

சச்சரவு மிகுவது மாகாணச் சட்டத்தின் பிரிவு 53இல். கிழக்குக் கடற்கரைச் சாலையோர மனையை மனைவி பெயருக்குச் செட்டில்மென்ட் எழுதிய இரண்டாண்டுக்குள் நொடிப்பு மனு தாக்கலானால், அந்தப் பத்திரத்தை ரத்துசெய்ய ரிசீவர் கோரலாம். வில்லங்கச் சான்றில் பதிவுத் தேதி அப்படியே தெரியும். நல்லெண்ணத்துடன் உரிய விலை கொடுத்து வாங்கியவர் தப்புவார். ரிசீவர் மறுத்தால், கடனை நிரூபித்தவர் அனுமதி பெற்றுத் தாமே மனுச் செய்யலாம். ஒருவருக்கு மட்டும் சலுகையாகக் கடனை அடைத்திருந்தால் கெடு மூன்று மாதம்.

சொத்துரிமைத் தகராறுகளை நொடிப்பு நீதிமன்றமே பிரிவு 4இன்கீழ்த் தீர்க்கலாம். இப்பழைய சட்டங்களுக்கு மாற்றான 2016ஆம் ஆண்டு நொடிப்பு, திவால் சட்டத்தின் தனிநபர் பகுதி, நிறுவனக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டும் 2019 டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது.