யார் செத்தால் பள்ளிக்கூடம் அழும்? ‘ஹெதர்ஸ்’: திரையிலும் மேடையிலும்

1989 மார்ச் கடைசியில் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்த ‘ஹெதர்ஸ்’ ஓடவில்லை. சுமார் 30 லட்சம் டாலரில் எடுத்த படம், வசூலானது 11 லட்சத்துச் சொச்சம். அதைக் காப்பாற்றியது வீடியோ கேசட். பதின்வயதுப் பிள்ளைகள் கேசட்டைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள். 25 ஆண்டுகள் கழித்து, 2014 மார்ச்சில், அதே கதை நியூயார்க்கில் இசை நாடகமாக மேடையேறியது. இந்த இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால், ஒரு சமூகம் எதைப் பார்த்துச் சிரிக்கலாம் என்று முடிவெடுக்கிறது, அந்த முடிவை எப்போது மாற்றிக்கொள்கிறது என்பது புரியும். சமூகவியல் படிக்கும் தோழர்களுக்கு இதைவிட நல்ல வீட்டுப்பாடம் கிடைக்காது.

கதை ஒஹாயோ மாநிலத்தின் வெஸ்டர்பர்க் உயர்நிலைப் பள்ளியில் நடக்கிறது. ஹெதர் என்ற ஒரே பெயரில் மூன்று பணக்காரப் பெண்கள். யாரை மதிப்பது, யாரை மிதிப்பது என்று அவர்கள்தான் தீர்மானிக்கிறார்கள். தலைவி தலையில் கட்டும் சிவப்புத் துணி வளையம்தான் அங்கே கிரீடம். நான்காவதாக ஒட்டிக்கொண்டிருப்பவள் வெரோனிகா. புதிதாக வந்து சேரும் ஜே.டி. என்ற மாணவனோடு சேர்ந்து தலைவி ஹெதரின் சாவுக்குக் காரணமாகிறாள். யார் கையெழுத்தையும் அச்சு அசலாகப் போடத் தெரிந்தவள் அவள். தற்கொலைக் கடிதம் ஒன்றை எழுதி வைத்துவிடுகிறாள். அந்தப் பொய்க் கடிதத்தைப் படித்து ஊரே உருகுகிறது. உயிரோடு இருந்தபோது பிறரை நசுக்கியவள், செத்த பிறகு ஆழ்ந்த சிந்தனையாளராகிவிடுகிறாள்.

எழுத்தாளர் டேனியல் வாட்டர்ஸும் இயக்குநர் மைக்கேல் லேமனும் எதை எதிர்த்து இந்தப் படத்தை எடுத்தார்கள் என்பதற்கு, அதற்கு முந்தைய சில ஆண்டுகளின் படங்களைப் பார்க்க வேண்டும். ஜான் ஹியூஸின் ‘தி பிரேக்ஃபாஸ்ட் கிளப்’ வந்தது 1985இல். பணக்காரப் பெண், விளையாட்டு வீரன், படிப்பாளி, ஒதுக்கப்பட்டவள் எல்லோரும் ஒரு சனிக்கிழமை முழுக்க ஓர் அறையில் உட்கார்ந்து மனம்விட்டுப் பேசினால் சுவர் உடைந்துவிடும் என்று நம்பிய படம் அது. ‘ஹெதர்ஸ்’ அந்த நம்பிக்கையின் முகத்தில் காறித் துப்பியது. பேசித் தீர்க்க முடியாதபடி அடுக்குகள் இருக்கின்றன, அவற்றால் லாபம் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள் என்றது. மாணவர் தற்கொலை அன்றைய அமெரிக்காவில் பெரிய பேச்சு. படம் கேலி செய்தது தற்கொலையை என்று அப்போதே சிலர் கோபப்பட்டார்கள். என் வாசிப்பில் அதன் இலக்கு, தற்கொலையை வைத்துத் தங்களுக்கு நல்ல பெயர் தேடும் பெரியவர்கள். மாணவர்களைக் கைகோத்து நிற்கவைத்து டி.வி. கேமராவுக்குக் காட்டும் ஆசிரியை ஃபிளெமிங்கை மறக்கவே முடியாது. பள்ளி மாணவர்களோடு வேலை செய்கிற எனக்கு அந்தக் காட்சியில் சிரிப்பு வந்தது, கூடவே வயிற்றைப் பிசைந்தது.

மார்த்தாவிடம் வருவோம். உடல் பருமனுக்காகக் குப்பை லாரி என்று பட்டப்பெயர் வைக்கப்பட்ட மாணவி. படத்தின் தொடக்கத்திலேயே, ஒரு பையன் எழுதியதுபோல அவளுக்குப் போலிக் கடிதம் எழுதி அவமானப்படுத்துகிறார்கள். எழுதிய கை வெரோனிகாவுடையது. பின்னால் இறந்தவர்களுக்காகக் கடிதம் எழுதுவதும் அதே கை. ஊரே தற்கொலையைக் கொண்டாடிக்கொண்டிருக்கும்போது, மார்த்தா உண்மையாகவே சாகத் துணிகிறாள், பிழைத்துக்கொள்கிறாள். அவளுக்காக யாரும் உருகவில்லை. பெரிய இடத்துப் பிள்ளைகளைக் காப்பியடிக்கப் பார்த்து அதிலும் தோற்றுவிட்டாள் என்று பேச்சு அடிபடுகிறது. சாவிலும் படிநிலை உண்டு என்பதை இவ்வளவு கொடூரமாக, இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன வேறு பதின்வயதுப் படம் எனக்குத் தெரியாது.

1999 ஏப்ரலில் கொலம்பைன் பள்ளியில் இரண்டு மாணவர்கள் 12 மாணவர்களையும் ஓர் ஆசிரியரையும் சுட்டுக் கொன்றார்கள். நீளக் கோட்டு போட்ட ஜே.டி. பள்ளி உணவகத்தில் துப்பாக்கியை எடுத்து வெற்றுத் தோட்டா சுடும் காட்சியை அதற்குப் பிறகு பழையபடி பார்க்க முடியாமல் போனது. லாரன்ஸ் ஓ'கீஃபும் கெவின் மர்ஃபியும் எழுதிய இசை நாடகத்தில் அந்த இடத்தில் துப்பாக்கி இல்லை, கைச்சண்டைதான். வெரோனிகா அதைப் பார்த்தபடி காதல் பாட்டுப் பாடுகிறாள்.

மேடை செய்த பெரிய மாற்றம் வெரோனிகாவிடம்தான். படம் தொடங்கும்போதே அவள் ஹெதர்களோடு இருக்கிறாள், வசதியான வீட்டுப் பெண், கூட்டாளி. நாடகத்தில் அவள் வெளியே நிற்கும் சாதாரண மாணவி. கையெழுத்துத் திறமையைக் காட்டி உள்ளே நுழைகிறாள். பார்வையாளர் முதல் பாட்டிலேயே அவள் பக்கம் சாய்ந்துவிடுகிறோம். எனக்கு இது இழப்பாகத்தான் படுகிறது. ஆதிக்கத்தோடு ஒத்துப்போகிறவர்களில் பெரும்பாலோர் மேலே ஏறி வந்தவர்கள் கிடையாது, ஏற்கெனவே மேலே இருந்துகொண்டு கொஞ்சம் குற்றவுணர்ச்சியோடு காலம் தள்ளுகிறவர்கள். படம் அவர்களைத்தான் விசாரித்தது.

ஆனால் மேடைக்கும் நியாயம் செய்ய வேண்டும். கொல்லப்படும் இரண்டு கால்பந்து வீரர்களும் காதலர்கள், சேர்ந்து செத்தார்கள் என்று கதை கட்டப்படுகிறது. படத்தில் இறுதிச் சடங்கின்போது தந்தை ஒருவர், தன்பாலீர்ப்பாளரான தன் செத்த மகனை நேசிப்பதாக அழுகிறார். பையன் உயிரோடு இருந்து இதைச் சொல்லியிருந்தால் இவர் என்ன செய்திருப்பார் என்று ஜே.டி. நக்கலடிக்கிறான். வெரோனிகாவுக்குச் சிரிப்பு வருகிறது. முன் வரிசையில் ஒரு சிறுமி அழுத கண்ணோடு திரும்பிப் பார்க்கிறாள், சிரிப்பு அப்படியே நின்றுபோகிறது. எய்ட்ஸில் செத்துக்கொண்டிருந்தவர்களை அரசு ஏறெடுத்துப் பார்க்காத பத்தாண்டின் முடிவில் வந்த நகைச்சுவை இது. மேடையில் அதே இடம் ஆரவாரமான முழுப் பாட்டாகிறது. இரண்டு தந்தைகளும் ஒருகாலத்தில் காதலர்கள் என்று தெரியவந்து முத்தமிட்டுக்கொள்கிறார்கள். 2013இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் திருமணச் சமத்துவத்தின் பக்கம் ஒரு படி நகர்ந்திருந்தது. தெருவில் இறங்கிப் போராடியவர்கள் சட்டத்தை மட்டும் மாற்றவில்லை, எந்த நகைச்சுவை செல்லும் என்பதையும் மாற்றினார்கள். அதே வீரர்கள் வெரோனிகாவிடம் அத்துமீறும் இடத்தில் நியூயார்க்கில் ஒரு கிண்டல் பாட்டு இருந்தது. 2018இல் லண்டன் மேடைக்குப் போனபோது அதை எடுத்துவிட்டு, அவளுக்கு இருக்கும் ஆபத்து தெரியும்படி வேறு பாட்டு வைத்தார்கள்.

மார்த்தாவுக்கு மேடை தனிப்பாட்டு கொடுத்தது. படத்தில் வாய் திறக்கவே இடமில்லாதவளுக்கு முழுதாக ஒரு பாட்டு, அரங்கமே அமைதியாகக் கேட்கும். ஆனால் அவள் பாடுவது, தன்னை அவமானப்படுத்தியவனைச் சின்ன வயதிலிருந்தே நேசித்த கதையை. குரல் கொடுத்தார்கள், கோபம் கொடுக்கவில்லை.

2018இல் டி.வி. தொடரும் வந்தது. அதில் ஹெதர்களே ஒதுக்கப்பட்டவர்கள்: ஒருவர் பருமனானவர், ஒருவர் ஆண் பெண் என்ற இரண்டுக்குள் அடங்காதவர், ஒருவர் கறுப்பினப் பெண். நேற்று ஒடுக்கப்பட்டவர்கள் இன்று ஒடுக்குகிறார்களாம். இந்த வாதம் நம் காதுக்குப் புதிதா தோழர்களே? அந்த ஆண்டு பிப்ரவரியில் பார்க்லாண்ட் பள்ளித் துப்பாக்கிச் சூடு நடந்ததால் தொடர் தள்ளிப்போய், வெட்டப்பட்டு, அக்டோபரில்தான் ஒளிபரப்பானது. அதைப் பற்றி இதற்கு மேல் எழுதத் தேவையில்லை.

முடிவுக் காட்சியில் வெரோனிகா சிவப்பு வளையத்தைப் பிடுங்கித் தானே எடுத்துக்கொண்டு மார்த்தாவிடம் போகிறாள். நடனத்துக்குப் போகாமல் சேர்ந்து வீடியோ பார்க்கலாமா என்று கேட்கிறாள். இருவரும் நடைகூடத்தில் போகிறார்கள், மார்த்தா சக்கர நாற்காலியில் அவளைச் சுற்றிச் சுற்றி வருகிறாள். மற்ற மாணவர்கள் யாரும் திருந்தியதாகப் படம் சொல்லவில்லை. மேடையிலோ எல்லோரும் சேர்ந்து பாடுகிறார்கள்.

வாட்டர்ஸ் முதலில் எழுதிய முடிவு வேறு. பள்ளி வெடித்துச் சிதறும், பிறகு சொர்க்கத்தில் ஒரு நடன விருந்து. அங்கேதான் எல்லாக் குழுக்களும் கலந்து ஆடும். தயாரிப்பு நிறுவனம் அதை ஏற்கவில்லை. இந்தக் கலப்பு செத்த பிறகுதான் நடக்கும் என்று அவர் எழுதி வைத்திருந்ததை, 2014இல் உயிரோடு இருப்பவர்களை வைத்தே மேடையில் நடத்திக் காட்டினார்கள், டிக்கெட் வாங்கி வந்தவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.