டெபியன் பொதிகளில் கம்பைலர் ஃபிளாக்குகள்

டெபியன் லினக்ஸில் மூலநிரலிலிருந்து ஒரு பொதி உருவாகும் முறை ‘டெபியன்/ரூல்ஸ்’ என்ற மேக்ஃபைலில் எழுதப்பட்டிருக்கும். கம்பைலருக்குப் போய்ச் சேர வேண்டிய ஃபிளாக்குகளும் அதன் வழியாகவே அனுப்பப்படுகின்றன. சி மொழிக்கு சிஃபிளாக்ஸ், சி++ மொழிக்கு சிஎக்ஸ்எக்ஸ்ஃபிளாக்ஸ், முன்செயலிக்கு சிபிபிஃபிளாக்ஸ், லிங்கருக்கு எல்டிஃபிளாக்ஸ் ஆகியவை முதன்மையான மாறிகள்.

முன்பு பொதிப் பராமரிப்பாளர் ஒவ்வொருவரும் இந்த மதிப்புகளைத் தாமே எழுதிவந்தனர். 2010இல் டிபிகேஜி-பில்ட்ஃபிளாக்ஸ் என்ற கருவி வந்ததும் அவை ஓரிடத்தில் சேர்ந்தன. பிழைத்திருத்தத் தகவலும் ‘-ஓ2’ என்னும் இரண்டாம் நிலை உகப்பாக்கமும் அதன் அடிப்படை. பின்னர் ஸ்டேக் காவல், ஃபார்ட்டிஃபை சோர்ஸ் முதலிய பாதுகாப்பு ஃபிளாக்குகள் சேர்க்கப்பட்டன. 2013இல் வெளியான டெபியன் 7க்கு இவற்றைப் பரவலாக்குவது ஓர் இலக்காகவே இருந்தது.

சிக்கல் பெரும்பாலும் மென்பொருளின் சொந்த மேக்ஃபைலில்தான் தொடங்குகிறது. அதில் ‘சிஃபிளாக்ஸ் =’ என்று நேரடியாக எழுதியிருந்தால், சூழல் மாறியாக வரும் மதிப்பு அங்கே எடுபடாது. மேக் கட்டளையோடு சேர்த்துக் கொடுத்தால் எடுபடும்; ஆனால் அப்போது மேக்ஃபைலில் ‘+=’ போட்டுச் சேர்த்தவையும் கைவிடப்படும். தலைப்புக் கோப்புகளின் பாதை அவற்றில் இருந்தால் கம்பைல் ஆவதே நின்றுவிடும். இதனால்தான் சிஃபிளாக்ஸ் பயனருக்கு உரியது, நிரலுக்கு இன்றியமையாதவற்றை வேறு மாறியில் வையுங்கள் என்று க்னூ நிரலாக்க நெறிமுறை வலியுறுத்துகிறது. சரியான நெறி இது. மூல ஆசிரியர்கள் பலர் இன்னும் பின்பற்றாத நெறியும் கூட.

இதைவிடக் கவலைக்குரியது சத்தமில்லாமல் நேரும் இழப்பு. சிமேக் என்னும் கட்டுமானக் கருவி சிபிபிஃபிளாக்ஸ் மாறியைப் படிப்பதில்லை. ஃபார்ட்டிஃபை சோர்ஸ் அந்த மாறியில்தான் வருகிறது. பொதி பிழையின்றி உருவாகும், பாதுகாப்பு மட்டும் இருக்காது. பொதி கட்ட உதவும் டெப்ஹெல்ப்பர், சிபிபிஃபிளாக்ஸை சிஃபிளாக்ஸோடு இணைத்து அனுப்பி இதைச் சரிசெய்கிறது. உகப்பாக்கத்தை அணைத்துவிட்டாலும் ஃபார்ட்டிஃபை வேலை செய்யாது.

‘-மார்ச்=நேட்டிவ்’ ஃபிளாக்குக்குப் பொது விநியோகத்தில் இடமில்லை. கட்டும் கணினியின் செயலிக்கு மட்டுமே உரிய கட்டளைகள் அதனால் உள்ளே வந்துவிடலாம். பழைய செயலியில் அத்தகைய கட்டளையை எட்டியதும் நிரல் முறிந்துபோகும். அவரவர் கணினியிலேயே கட்டிக்கொள்ளும் ஜென்ட்டூ லினக்ஸில் அது பொருத்தமானது.

ஃபிளாக்குகள் உண்மையில் சேர்ந்தனவா என்பதற்குக் கட்டுமானப் பதிவே சாட்சி. அதைச் சோதிக்க பிஎல்எச்சி என்ற கருவி உண்டு. கம்பைலர் கட்டளைகளை மறைத்துச் சுருக்கமாக அச்சிடும் பதிவில் அதனால் எதையும் சரிபார்க்க முடியாது. கட்டளைகள் முழுமையாகத் தெரியும்படி கட்டுவதைப் பராமரிப்பாளர்கள் வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.