பிள்ளையைத் தொடரும் பணம்

பள்ளிக்கென அரசு ஒதுக்கும் பணம் பள்ளிக்கூடத்துக்கு உரியதா, பிள்ளைக்கு உரியதா? எளிதாகத் தோன்றும் இக்கேள்வி அமெரிக்க நாட்டில் எழுபது ஆண்டுகளாக ஓயாத வழக்காக இருந்து வருகிறது. விஸ்கான்சின் மாநிலத்து மில்வாக்கி நகரை முன்னிறுத்தி அதன் வரலாற்றை ஈண்டு நோக்குவோம்.

அந்நாட்டில் பொதுப்பள்ளிகளை நடத்துவது 'பள்ளி மாவட்டம்' என்னும் தனி அமைப்பாகும். வீடு, நிலங்களின் மீது விதிக்கப்படும் வரியும் மாநில அரசின் உதவித்தொகையும் அதன் இரு பெரும் வருவாய்கள். நடுவண் அரசின் பங்கு சிறிது. உதவித்தொகையைக் கணக்கிடுகையில் மாணவர் எண்ணிக்கையே முதலில் எண்ணப்படுவது.

அரசு கல்விக்குச் செலவிடலாம், ஆனால் பள்ளியைத் தானே நடத்த வேண்டுவதில்லை. பெற்றோர் கையில் 'வவுச்சர்' எனும் சீட்டைக் கொடுத்தால் போதும் என்று 1955-இல் பொருளியலறிஞர் மில்டன் ஃப்ரீட்மன் எழுதினார். இக்கருத்துக்கு விரைவிலேயே ஒரு கறை படிந்தது. நிறப்பாகுபாடு கூடாதென உச்சநீதிமன்றம் 1954-இல் தீர்ப்பளித்திருக்க, அதற்குப் பணிய மறுத்த வர்ஜீனியாவின் பிரின்ஸ் எட்வர்டு வட்டாரம் 1959-இல் பொதுப்பள்ளிகளையே மூடிவிட்டது. வெள்ளையர் பிள்ளைகள் பொதுப்பணத்தின் துணையுடன் தனியார் பள்ளியில் பயின்றனர். கறுப்பினப் பிள்ளைகள் ஐந்தாண்டுகள் பள்ளியின்றித் தவித்தனர். 1964-இல் நீதிமன்றம் தலையிட்ட பின்னரே கதவுகள் திறந்தன.

வரலாற்றின் விந்தை என்னவெனில், கறுப்பின மக்களை வஞ்சித்த அதே கருவியை மில்வாக்கியில் கையிலெடுத்தவர் கறுப்பினப் பெண்மணி ஒருவரே. தம் மக்களின் பிள்ளைகளைப் பொதுப்பள்ளிகள் கைவிட்டன என்று மனம் வெதும்பிய சட்டமன்ற உறுப்பினர் பாலி வில்லியம்ஸ், எதிர்க்கட்சியைச் சேர்ந்த ஆளுநர் டாமி தாம்ப்சனுடன் கைகோத்து, 1990-இல் சட்டத்தை நிறைவேற்றச் செய்தார். முதலாண்டில் 7 பள்ளிகள். 300-க்குச் சற்று மேற்பட்ட ஏழை மாணவர்கள். தலைக்கு 2,446 டாலர். சமயப் பள்ளிகளுக்கு அன்று இடமில்லை. 1998-இல் மாநில உச்சநீதிமன்றம் அவற்றையும் அனுமதித்தது. பயனாளர் தொகை ஏறத்தாழ ஆறாயிரமாகப் பெருகிற்று. முஸ்லிம்கள் நடத்தும் சலாம் பள்ளியும் இத்திட்டத்தில் பங்கு பெற்று வருகிறது.

இதனால் மாவட்டத்தின் கருவூலம் எவ்வாறு பாதிக்கப்பட்டது? தொடக்கத்தில் சீட்டுகளின் செலவு முழுவதும் மில்வாக்கி மாவட்டத்துக்குரிய உதவித்தொகையிலிருந்தே கழிக்கப்பட்டது. 2001 முதல் 45 விழுக்காடு மாவட்டத்தின் மீதும் எஞ்சியது மாநிலத்தின் மீதும் சுமத்தப்பட்டன. இழப்பை ஈடுசெய்ய மாவட்டம் வீட்டு வரியை உயர்த்த நேர்ந்தது. பின்னாளில்தான் அப்பங்கு படிப்படியாகக் குறைக்கப்பட்டது.

கரும்பலகையின் முன் நின்று பழகிய நாம் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஐந்து வகுப்புகளில் முப்பது முப்பதாக 150 பிள்ளைகள் உள்ளனர். வகுப்புக்கு மூவராகப் பதினைவர் வெளியேறி, அவர்களுக்குரிய பணமும் உடன் சென்றால் வருவாயில் பத்திலொன்று போகும். ஆயினும் ஆசிரியர் ஐவரும் வேண்டும், கூரையும் வேண்டும், குளிர்காலத்தில் அறையைச் சூடாக்கும் செலவும் குறையாது. எஞ்சிய 135 பிள்ளைகளே அக்குறையைச் சுமக்கின்றனர்.

மறுதரப்பின் வாதத்தையும் மறைத்தல் அறமன்று. சீட்டின் தொகை, பொதுப்பள்ளியில் ஒரு பிள்ளைக்கு ஆகும் செலவைவிடப் பெரும்பாலும் குறைவு. மிச்சம் மாவட்டத்திலேயே தங்குமாயின் இருப்போருக்கு நன்மையே. காலப்போக்கில் கட்டடங்களையும் பணியிடங்களையும் குறைத்துக்கொள்ளவும் இயலும் என்பர். ஆனால் சீட்டுப் பெறுபவர் முன்னரே தனியார் பள்ளியில் இருந்தவராயின் மிச்சம் ஏது? 2022-இல் அரிசோனா மாநிலம் செல்வர் வறியர் எனும் வேறுபாடின்றி எல்லோர்க்கும் கல்விப்பணம் வழங்கியபோது, முதலில் விண்ணப்பித்தோரில் பெரும்பாலோர் அதற்குமுன் பொதுப்பள்ளியில் பயிலாதவர்கள். ஆகவே அது அரசுக்குப் புதுச்செலவாயிற்று.

2011-இல் மில்வாக்கித் திட்டத்தின் வருமான வரம்பு உயர்த்தப்பட்டபோது அதை எதிர்த்தவர்களுள் பாலி வில்லியம்ஸும் ஒருவர். ஏழைக்கெனத் திறந்த வாசலில் வசதி படைத்தோர் நுழைவதை அவர் ஏற்கவில்லை. 2014-இல் அவர் மறைந்தார்.

தம் பிள்ளைக்கு நல்ல பள்ளியைத் தேடும் தாயை எவரும் குறைகூற இயலாது. எனினும் பொதுப்பணம் ஓர் அமானிதம். வெளியேறும் பிள்ளைக்கு வழி செய்வோர், அதே வகுப்பில் தங்கிவிடும் பிள்ளைக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள். அவ்விரு பிள்ளைகளையும் ஒருசேர எண்ணிப் பார்க்கும் சட்டமே நீதியான சட்டம் என்பது நம் துணிபு.